தாய் வழியாய் வந்த பலவீனம்

என் கண்ணுக்கு ஏழரை வந்தபோது என் கணவர் சந்தோஷப்பட்டார்.

குரோம்பேட்டையில் நான் வழக்கமாகப் போகும் கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஏழேகாலில் பல வருடமாக நின்றிருந்தது இப்போது ஏழரை ஆகிவிட்டது என்று சொன்னேன். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏழரை வந்துடுச்சா? அப்போ லேசர் பண்ணிக்கலாம். அதுக்குக் கம்மியா இருந்தா அழகுக்குப் பண்றதுன்னு சொல்லி இன்சூரன்ஸ்ல தர மாட்டான். இப்ப கம்பெனியே குடுத்துடும்."

அவருக்கு நாவலூரில் வேலை. கம்பெனி தருகிற எதையும் அவர் விட்டதில்லை. உணவுக் கூப்பன், உடற்பயிற்சி நிலையச் சலுகை, தீபாவளிக்குத் தரும் முந்திரிப் பெட்டி, எல்லாமே வீட்டுக்கு வந்துவிடும். கல்யாண வீட்டில் தாம்பூலப் பை இரண்டு கேட்டு வாங்கி வருகிறவர். ஆகவே இன்சூரன்ஸ் பற்றி அவர் பேசியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. லேசர் என்ற சொல்லை அத்தனை சாதாரணமாக, ஏதோ பல் சுத்தம் செய்துகொள்ளச் சொல்வது போலச் சொன்னதுதான் புதிதாக இருந்தது. "வலிக்கவே வலிக்காது, பத்து நிமிஷ வேலை" என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் யாராவது செய்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கும் ஆசைதான். அதை மறைக்க ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறேன். சேலையூரில் ஒரு பள்ளியில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கணக்குப் பதிவியல் சொல்லித்தருகிறேன். மழையில் வண்டி ஓட்டும்போது கண்ணாடியில் விழும் தண்ணீரும், குழம்புப் பாத்திரத்தைத் திறந்தால் படியும் ஆவியும் பழகிவிட்டவை. பழகாதது ஒன்று உண்டு.

நாங்கள் முடிச்சூரில் இருக்கிறோம். ஊரே மூழ்கிய அந்த வருடம் எங்கள் தரைத்தள வீட்டில் தண்ணீர் நெஞ்சு வரை வந்தது. மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். அவள் கை தட்டிக் கண்ணாடி தண்ணீரில் விழுந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் பழுப்பு நிறமும், அதில் அசைகிற சில கறுப்புகளும்தான். படகு எந்தப் பக்கம் வருகிறது, யார் கையை நீட்டுகிறார்கள், எங்கே குழி இருக்கிறது, எதுவும் தெரியவில்லை. கணவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பின்னால் வந்த என் மாமியார், "ஒரு கைல புள்ள, ஒரு கைல கண்ணு தெரியாத பொண்டாட்டி. என் புள்ள எத்தன பேரத்தான் இழுத்துட்டுப் போவான்" என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னார். பிள்ளை என் தோளில்தான் இருந்தாள். ஆனால் கணவர் கை இல்லாவிட்டால் அன்றைக்கு நான் எங்கே போயிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த நன்றி எனக்குப் பல வருடம் இருந்தது.

எங்கள் கல்யாணம் பெரியவர்கள் பேசி முடித்தது. நாங்கள் பம்மலில் இருந்தோம். அவர்களும் எங்களைப் போலவே சபைக் குடும்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மதியம் பெண் பார்க்க வந்தார்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொள்ளட்டும் என்று அம்மா சொன்னார். அப்பா பள்ளி ஆசிரியர். "கண்ணாடியோடவே உக்காரட்டும். அப்புறம் ஏமாத்திட்டோம்னு ஒரு பேச்சு வரக்கூடாது" என்று முடித்துவிட்டார். நான் கண்ணாடியோடுதான் உட்கார்ந்தேன். வருங்கால மாமியார், இப்போது நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், காபியைக் குடித்து முடித்துவிட்டு, "கண்ணாடியக் கொஞ்சம் கழட்டும்மா, முகத்தப் பாக்கலாம்" என்றார். கழற்றினேன். அறையில் இருந்த எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு ஒருவர் முகமும் தெரியவில்லை. மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்திருந்தார் என்பது நீல நிறச் சட்டையை வைத்துத் தெரிந்தது.

பவர் எவ்வளவு என்று கேட்டார்கள். அப்பா உள்ளதைச் சொன்னார். அவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள் என்று அம்மா பிறகு சொன்னார். இரண்டு நாள் கழித்துச் சம்மதம் என்று தகவல் வந்தது. "குறை இல்லாத மனுஷர் யாரு? நாங்க அத ஒரு பொருட்டா எடுத்துக்கல" என்று அத்தை போனில் சொன்னாராம். அந்த வாக்கியம் கல்யாணத்துக்குப் பிறகும் ஓயவில்லை. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், என் கண்ணாடியைப் பற்றிப் பேச்சு வந்தாலும், வராவிட்டாலும், நாங்கள் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதை அவர்கள் கேட்டே ஆக வேண்டும்.

மகள் ஒன்றாம் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது எழுத்துகளை விட்டுவிட்டு எழுதுகிறாள் என்று அவளுடைய டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். கண் டாக்டரிடம் கூட்டிப் போனோம். நானும் கணவரும்தான் கூடப் போனோம். பிள்ளைக்கு இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை, உடனே கண்ணாடி போட வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்த டாக்டர், "வீட்ல யாருக்கெல்லாம் பவர் இருக்கு?" என்று கேட்டார்.

"எனக்கு இருக்கு டாக்டர்" என்றேன். கேட்காமலே தெரிந்திருக்கும்.

"அப்பாவுக்கு?"

"இல்ல டாக்டர். எங்க சைடுல யாருக்குமே கிடையாது" என்றார் கணவர்.

அன்றைக்கு அந்த மேசைக்கு முன்னால் எனக்கு வந்த குற்ற உணர்வை எப்படிச் சொல்வது? கண்ணாடி வாங்கிய அன்று ஆறு வயதுப் பிள்ளை மூக்கில் சரிகிற பிளாஸ்டிக் கண்ணாடியோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. அதை நான்தான் அவளுக்குக் கொடுத்தேன் என்று தோன்றியது. அதற்குப் பிறகு பொன்னாங்கண்ணிக் கீரை, கேரட், பாதாம் என்று எதையெல்லாம் சொன்னார்களோ அதையெல்லாம் செய்து கொடுத்தேன். ஒவ்வொரு வருடமும் பவர் ஏறியது. ஏறிய ஒவ்வொரு முறையும் அத்தை பெருமூச்சு விட்டு, "எங்க மாமனார் எம்பது வயசுலயும் கண்ணாடி இல்லாம பைபிள் வாசிச்சாரு" என்பார்.

மாதம் ஒருமுறை எங்கள் பகுதியில் இருக்கும் சபைக் குடும்பங்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்போம். அத்தை நன்றாக ஜெபம் செய்வார். மற்ற பெண்கள் கண்ணீர் விடுவார்கள். மகளுக்குக் கண்ணாடி வந்த பிறகு அவருடைய ஜெபத்தில் ஒரு வரி நிரந்தரமாகச் சேர்ந்துகொண்டது. "ஆண்டவரே, இந்தச் சின்னப் பிள்ளையின் கண்களைத் தொடும். தாய் வழியாய் வந்த இந்தப் பலவீனத்தை எடுத்துப்போடும்." எல்லோரும் ஆமென் என்பார்கள். நானும் சொல்வேன். எனக்கும் அந்தப் பலவீனம் போக வேண்டும் என்றுதான் இருந்தது.

இரண்டாவது பிள்ளை வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். வேலை, அலைச்சல், செலவு என்று பல காரணங்கள் இருந்தன. இது ஒன்று மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாள் அவரிடம் நான் வாய்விட்டுச் சொன்னது இதைத்தான். "இன்னொண்ணுக்கும் என் கண்ணக் குடுக்க வேணாம்." "உன் இஷ்டம்" என்றார் அவர்.

இப்போது லேசருக்கு வருகிறேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் அந்தக் கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு சனிக்கிழமை காலையில் போனோம். மகள் அத்தையோடு வீட்டில் இருந்தாள். வரவேற்பறையில் ஒரு பெண் கண்ணாடியைத் தூக்கி எறிவது போன்ற படம் பெரிதாக மாட்டியிருந்தது. ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள். இன்னொன்றில் கண்ணுக்குள் காற்று அடித்தார்கள். சிவப்பு வட்டங்களை இமைக்காமல் பார்க்கச் சொன்னார்கள். பிறகு எரிகிற சொட்டு மருந்தை விட்டுக் கண்ணை மூடி உட்கார வைத்தார்கள். விவரம் சொல்கிற பெண் வந்து பக்கத்தில் அமர்ந்து, "தழும்பு எதுவும் இருக்காது மேடம். நீங்களா சொன்னாத்தான் மத்தவங்களுக்குத் தெரியும்" என்றாள். என் கணவர் தலையாட்டினார். கண்ணை மூடியிருந்ததால் நான் அதைப் பார்க்கவில்லை. ஆனால் அவர் கழுத்தை அசைக்கும்போது சட்டைக் காலரில் அடையாள அட்டைக் கயிறு உரசும் சத்தம் எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளிலும் அதைப் போட்டுக்கொண்டுதான் வருவார்.

டாக்டர் என் வயதுப் பெண். பொறுமையாகப் பேசினார். கருவிழியின் தடிமன் போதுமான அளவு இருக்கிறது, செய்துகொள்ளலாம், கொஞ்ச நாள் கண் உலர்ந்து எரியும், இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம் என்றார். "உங்க வயசுக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல கிட்டப் படிக்கக் கண்ணாடி போட வேண்டியிருக்கும். அதுக்கு லேசர் உதவாது. கண்ணாடியே இல்லாத வாழ்க்கைன்னு நெனச்சுப் பண்ணாதீங்க. நல்லா யோசிச்சு முடிவு பண்ணுங்க" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பரவாயில்லை, படிப்பதற்குக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன், தண்ணீரில் நடக்கும்போது கண் தெரிந்தால் போதும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

எழுந்துகொள்ளும் நேரத்தில் என் கணவர், "டாக்டர், எனக்குக் கூட கொஞ்ச நாளா போன்ல சின்ன எழுத்து படிக்க முடியல. தள்ளி வெச்சுப் பாக்க வேண்டியிருக்கு. ஒரு நிமிஷம் பாத்துடறீங்களா?" என்றார். தனியாக ஒரு கட்டணம் இல்லாமல் வேலை முடிந்துவிடும் என்பதுதான் அவர் எண்ணம். அதைத் தவிர வேறு எண்ணம் இருந்திருக்க முடியாது.

டாக்டர் சிரித்துவிட்டு அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். விளக்கை அணைத்தார். மெல்லிய ஒளிக்கீற்றை அவர் கண்ணில் பாய்ச்சிக் கருவியின் வழியாகப் பார்த்தார். ஒரு கண், பிறகு இன்னொரு கண். பார்த்துக்கொண்டே, மழை பெய்கிறதா என்று கேட்பது போல, "நீங்க லேசர் எந்த வருஷம் பண்ணீங்க சார்?" என்றார்.

அவர் காலரில் அடையாள அட்டைக் கயிறு உரசும் சத்தம் கேட்டது.

"கருவிழில மெல்லிசா வட்டமா ஒரு கோடு தெரியுது. நல்லா ஆறியிருக்கு, பிரச்சினை ஒண்ணும் இல்ல. ரொம்ப வருஷம் ஆச்சா?"

"ஆமா டாக்டர். ஒரு… பதினஞ்சு வருஷம் இருக்கும்."

"அப்ப மைனஸ் எவ்ளோ இருந்துது?"

"ஆறு, ஆறரை."

டாக்டர் விளக்கைப் போட்டார். நாற்பது வந்தால் எல்லோருக்கும் வருவதுதான், படிக்க ஒரு கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். சொட்டு மருந்தால் எனக்கு எல்லாமே கலங்கித் தெரிந்தது. கணவர் முகம் தெரியவில்லை. நீல நிறச் சட்டை இல்லை, அன்றைக்கு வெள்ளை.

காரில் ஏறிப் பல்லாவரம் பாலம் தாண்டினோம். வெயில் கூசியதால் ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை என் கண்ணாடிக்கு மேல் மாட்டியிருந்தேன்.

"எப்போ பண்ணீங்க?" என்றேன்.

"சொன்னேனே டாக்டர்கிட்ட. கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னாடி. பொண்ணு பாக்க ஆரம்பிக்கறப்போ அம்மாதான் பண்ணிடுன்னாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே."

"இத எப்படிக் கேப்பேன்? உங்க கண்ணுல கோடு இருக்கான்னு கேப்பேனா?"

"இப்ப என்ன? பண்ணி முடிச்சப்புறம் எனக்குப் பவர் இல்ல. இல்லாதத இருக்குன்னு எப்படிச் சொல்றது? நான் பொய் ஒண்ணும் சொல்லல."

"பாப்பாவக் கூட்டிட்டுப் போனப்ப அந்த டாக்டர்கிட்ட உங்க சைடுல யாருக்கும் இல்லன்னு சொன்னீங்க."

முன்னால் போன ஷேர் ஆட்டோ திடீரென்று நின்றது. அவர் பிரேக் அடித்து, கார் கண்ணாடியை இறக்கி அந்த ஆட்டோக்காரரைத் திட்டினார். அவசியத்தை விட அதிகமாகத் திட்டினார். "இன்னா சார், ஆள் ஏறுறது தெரில?" என்று ஆட்டோக்காரர் திருப்பிக் கேட்டார். எங்கள் வண்டி கிளம்பிய பிறகு என் கணவர், "அந்த நேரத்துல சட்டுனு வாய்ல வந்துடுச்சு. அப்புறம் மாத்திச் சொல்ல முடியல" என்றார். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை மாதிரி இருந்தது. அந்த ஒன்றுக்காக அவரை மன்னித்திருக்கலாமோ என்று சில நேரம் நினைப்பதுண்டு. உடனே அடுத்தது நினைவுக்கு வரும். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று நான் அழுதபோதும் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அப்போது மாற்றிச் சொல்ல நிறைய நேரம் இருந்தது.

வீட்டில் அத்தை டைனிங் டேபிளில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். நான் எதையும் சுற்றிவளைக்கவில்லை.

"அவருக்கு லேசர் பண்ணது உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

அவர் கையை நிறுத்தவில்லை. மகனை ஒருமுறை பார்த்தார். "பெத்தவளுக்குத் தெரியாம இருக்குமா?"

"அப்போ ஒவ்வொரு ஜெபத்துலயும் தாய் வழியாய் வந்ததுன்னு சொன்னீங்களே."

"நான் என்ன இல்லாததயா சொன்னேன்? உன் வழியாவும்தானே வந்துது" என்றார். பிறகு கீரைக் காம்புகளைத் திரட்டிக் காகிதத்தில் கொட்டிக்கொண்டே, "சம்பந்தம் பேசற நேரத்துல ஆம்பளப் பையனப் பத்தி இதெல்லாம் யார் சொல்லுவாங்க? உங்கப்பா சொன்னாரு, அது அவர் குணம்" என்றார்.

அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவருடைய நேர்மையை அந்த வீட்டில் அப்படித்தான் பார்த்தார்கள் என்பது அன்றைக்குத் தெரிந்தது. ஏதோ இருமல் மாதிரி, அவருக்கு இருந்த ஒரு வழக்கம்.

என் கணவருடைய காலேஜ் காலத்துப் போட்டோ ஆல்பங்கள் வெள்ளத்தில் போய்விட்டதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று மாலை பாத்திரம் தேய்க்கும்போது யோசித்துப் பார்த்தேன். ஆல்பங்கள் பரண் மேல் இருந்தன. பரண் வரை தண்ணீர் ஏறவில்லை. கிறிஸ்துமஸ் மரம், பழைய தலையணைகள், அத்தையின் வெள்ளிச் சாமான்கள் எல்லாம் காய்ந்தபடியே கிடைத்தன. இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதில் இருக்கும்.

இன்சூரன்ஸ் ஒப்புதல் வந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அவர் நடந்ததைப் பற்றிப் பேசவே இல்லை. தேதியைப் பற்றி மட்டும் பேசினார்.

"கோவத்துல கேன்சல் பண்ணிடாத. திருப்பி அப்ரூவல் வாங்கறது பேஜார். நீயும் பண்ணிக்கிட்டா சரியாப் போச்சு. ரெண்டு பேருக்கும் இல்லன்னு ஆயிடும்."

ரெண்டு பேருக்கும் இல்லன்னு ஆயிடும். அந்த வாரம் முழுக்க வகுப்பில் பற்று வரவு சொல்லித்தரும்போதும் இது மண்டைக்குள் ஓடியது. இரண்டு பேருக்கும் இல்லையென்றால் வீட்டில் கண்ணாடி போட்டவள் என் மகள் ஒருத்திதான். மேசையைச் சுற்றிச் சாப்பிட உட்காரும்போது அவளுக்கு மட்டும் இருக்கும். பார்க்க வருகிறவர்கள், அப்பா அம்மாவுக்கு இல்லையே, பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது, போனையே பார்க்கிறாளா என்று கேட்பார்கள். அவளுக்கே கூட ஒரு நாள் அப்படித் தோன்றலாம்.

இதற்காகத்தான் வேண்டாம் என்று முடிவு செய்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நான் ஒரு நல்ல தாய் என்று வாசிக்கிறவர்கள் நினைப்பார்கள். ஆனால் எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அவர் ஏற்பாடு செய்த எதுவும் என் கண்ணைத் தொடக்கூடாது என்ற வெறுப்பும் இருந்தது. சரியாகப் போய்விட்டது என்று அவர் நிம்மதியாகத் தூங்குவதை நான் பார்க்க விரும்பவில்லை. எந்தக் காரணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இழந்தது மட்டும் நிச்சயம். வெள்ளத்திலிருந்து கரையேறிய நாள் முதல் நான் ஆசைப்பட்ட ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. அதையும் அவர்கள் இருவரும் சேர்ந்து என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். வேண்டாம் என்று சொன்னது மட்டும்தான் நான்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். விவரம் சொன்ன அதே பெண்தான் எடுத்தாள்.

"பயமா இருக்கா மேடம்? நெறைய பேருக்கு அப்படித்தான் இருக்கும். டாக்டர்கிட்ட ஒரு தடவ பேசறீங்களா?"

"ஆமாம்மா, பயமா இருக்கு" என்றேன். அதுதான் அவளுக்கு எளிதில் புரிகிற காரணமாக இருந்தது.

என் கணவருக்கும் அது வசதியாகப் போய்விட்டது. அவருடைய தம்பி வீட்டுக்கு, ஆபீஸ் நண்பர்களுக்கு, எதிர்வீட்டுக்காரருக்கு, எல்லோருக்கும் அதையே சொன்னார். "எல்லாம் ரெடி பண்ணிக் குடுத்தேன். கடைசி நேரத்துல பயந்துட்டா."

அடுத்த மாத ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். ஹாலில் பாய் விரித்து, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, பதினைந்து பேர் போல வந்திருந்தார்கள். ஆயரும் வந்திருந்தார். அத்தை ஏதாவது மாற்றுவார் என்று நான் எதிர்பார்த்தேன். குறைந்தபட்சம் அந்த வரியை விட்டுவிடுவார் என்று. பாட்டு முடிந்து, வாசிப்பு முடிந்து, அவருடைய முறை வந்தது. சபைக்காக, நோயாளிகளுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஜெபித்தார். பிறகு என் மகளிடம் வந்தார்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் கண்களைத் தொடும். தாய் வழியாய் வந்த இந்தப் பலவீனத்தை…"

"தகப்பன் வழியாயும் வந்தது ஆண்டவரே" என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் கண்ணை மூடி அமைதியாக இருந்தார்கள், எல்லோருக்கும் கேட்டது. பின்வரிசையில் யாரோ ஒரு அம்மா பழக்க தோஷத்தில் "ஆமென்" என்றார். கண்ணைத் திறந்து பார்த்தேன். அத்தை கைகளைக் கோத்தபடி வாய் திறந்து நின்றார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை அகல விரித்து எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மீதி ஜெபத்தைத் தானே சொல்லி முடித்தார்.

பிறகு வடையும் காபியும் கொடுத்தோம். எல்லோரும் சீக்கிரமாகக் கிளம்பினார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது என் வயதுப் பெண் ஒருத்தி என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றும் தெரியாது.

"வீட்டு விஷயத்த ஆயர் முன்னாடி பேசுவியா? அம்மாவ இப்படி அசிங்கப்படுத்தணுமா?" என்றார் அவர்.

"நான் ஜெபம்தான் பண்ணேன்" என்றேன்.

அத்தை என்னிடம் பேசுவதை நிறுத்தினார். ஏதாவது வேண்டுமென்றால் மகள் வழியாகக் கேட்பார். இப்போது கொஞ்சம் பேசுகிறார், உப்பு, பால், சிலிண்டர் அளவுக்கு. ஜெபத்தில் அந்த வரி வருவதில்லை. கண்ணைப் பற்றியே ஜெபிப்பதில்லை. என் மகளுடைய கண்ணுக்காக அவர் கேட்டுக்கொண்டிருந்ததையும் நான் இல்லாமல் செய்துவிட்டேன் என்று கணவர் ஒருமுறை சொல்லிக்காட்டினார்.

மகள் ஜெபக்கூட்டம் நடந்த இரவே கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன், குறைத்தும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. அவள் நேராக அப்பாவிடம் போய், "உங்களுக்கு எவ்ளோப்பா இருந்துது?" என்று கேட்டாள். ஆறரை என்று அவர் சொன்னதும், "எனக்கு அஞ்சுதான்" என்று சிரித்தாள். அவள் சண்டை போடுவாள், என் பக்கம் நிற்பாள் என்றெல்லாம் நான் எங்கோ எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. அவள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வலித்ததா, கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டுமா, மறுநாளே எல்லாம் தெரிந்ததா என்று விவரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். அறைக்கு வெளியே நின்று நானும் கேட்டேன். கண் மூடியைக் கழற்றிய அன்று மொட்டை மாடிக்குப் போய்த் தூரத்துத் தென்னை மரத்தை ஓலை ஓலையாகப் பார்த்ததாகவும், அழுகை வந்துவிட்டதாகவும் சொன்னார். பதினான்கு வருடத்தில் என்னிடம் அவர் சொல்லாத நல்ல கதை அது.

போன மாதம் அவளுக்குப் பவர் மறுபடி ஏறியது. புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டு தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். எதிர்க் கடைகளின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள், "பதினெட்டு முடிஞ்சதும் நானும் லேசர் பண்ணிப்பேம்மா. பாட்டி சரின்னுட்டாங்க" என்றாள்.

"பாட்டி எப்போ சொன்னாங்க?"

"எப்பவோ. மாப்பிள்ள பாக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி முடிச்சிடலாம்னு சொன்னாங்க. அப்பா மாதிரி. யாருக்கும் தெரியாதாம்."

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அவளிடம் என்ன சொல்ல முடியும்? "பண்ணிக்கோ. ஆனா அத மறைக்காத" என்றேன்.

"நான் எதுக்கு மறைக்கப் போறேன்? நீதான் பயந்துகிட்டுப் பண்ணிக்கல" என்றாள்.

முடிச்சூர் பஸ் வந்தது. கூட்டம். அவள் முன்னால் ஏறிப்போய் எனக்கும் சேர்த்து இடம் பிடித்தாள்.